மேஜை நடுவில் பிளந்தால் குற்றம் மரத்தினுடையதா?

மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய 6 அடிக்கு 3 அடி தேக்கு டைனிங் டேபிள். ஹாலில் ஏசி மாட்டிய அடுத்த கோடையில் மேல்பலகை ஒரு முனையிலிருந்து முக்கால் அடிக்குப் பிளந்துவிட்டது. பார்க்க வந்த ஆசாரி “மரமே போலி” என்கிறார். விற்றவரோ “அசல் தேக்குதான், நீங்கள் பராமரித்த லட்சணம்” என்கிறார். யார் சொல்வது சரி, புதிதாக ஒன்று செய்தால் எதைப் பார்த்துச் செய்ய வேண்டும், என்ன பாலிஷ், எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு சென்னையில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியில் முக்கியமான தகவலே அதுதான்.

இருவர் சொல்வதும் சரியில்லை. நீங்கள் அனுப்பிய அடிப்பக்கப் படத்தில் மேல்பலகையைச் சுற்றி 14 எல் ஆங்கிள் (எல் வடிவத்தில் மடித்த இரும்புத் துண்டு) தெரிகிறது. ஒவ்வொன்றிலும் வட்டத் துளை, அதில் இறுக்கி முடுக்கிய ஸ்க்ரூ. மரம் தேக்குதான், முனையில் தெரியும் ஆண்டு வளையங்களைப் பார்த்தாலே போதும். தேக்கைக் கட்டிப் போட்டதுதான் தப்பு. காரைக்குடிப் பக்கம் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பழுதுக்கு வரும் மேஜைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே வியாதிதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மரத்தை வெட்டி நூறு வருடம் ஆனாலும் அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். ஒரு கட்டு வைக்கோல் நனைந்தால் என்ன ஆகும்? கட்டு பருக்கும், நீளாது. மரமும் அப்படித்தான். நீளவாட்டில் அசைவு இல்லை என்றே சொல்லலாம். அகலவாட்டில்தான் எல்லாக் கூத்தும். பச்சை மரம் முழுதாகக் காயும்போது தேக்கு, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 5 சதவீதம் சுருங்கும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் பாதிதான். வெளிநாட்டு ஓக் மரத்தோடு ஒப்பிட்டால் இது பாதிக்குச் சற்று மேல்தான். தேக்குக்கு இத்தனை மரியாதை வந்தது அதன் கடினத்தால் என்று பலர் நினைக்கிறார்கள். தேக்கைவிடக் கடினமான மரங்கள் நம் ஊரிலேயே நிறைய உண்டு. தேக்கு குறைவாக அசைகிறது, தன் எண்ணெயால் கரையானைத் தள்ளி வைக்கிறது. பெருமை அதற்குத்தான்.

குறைவாக அசைகிறது என்றுதான் சொன்னேன், அசையாது என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் கணக்கையே போடுவோம். கடலோரச் சென்னைக் காற்றில் திறந்த ஜன்னலோடு இருக்கும் மரத்தில் 13, 14 சதவீதம் ஈரம் நிற்கும். அதே ஹாலை மூடி, கோடை முழுக்க ஏசி ஓடினால் மெல்ல மெல்ல 9, 10 சதவீதத்துக்கு இறங்கும். வித்தியாசம் 4 சதவீதம். 3 அடி அகலப் பலகையில் அது 6 மில்லிமீட்டருக்கு மேல், எங்கள் பாஷையில் ஏறத்தாழ 2 நூல். (8 நூல் ஓர் அங்குலம். தச்சு வேலையில் இன்றும் இந்தக் கணக்குத்தான்.) பலகை 2 நூல் சுருங்கப் பார்க்கிறது. அடியில் குறுக்கே போகும் சட்டம் நீளவாட்டு மரம், அது இம்மியும் சுருங்காது. இரண்டையும் 14 ஸ்க்ரூ சேர்த்துப் பிடித்திருக்கிறது. எங்காவது ஓரிடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். நடுவில் விட்டுக்கொடுத்தது.

எதிர் உதாரணம் நம் வீடுகளிலேயே தொங்குகிறது. தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை, ஒரே மரம், இரண்டு அடி அகலம். அதில் நீளமாக ஓடும் விரிசல் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? நாலு மூலையில் நாலு வளையம், அவற்றில் சங்கிலி. அகலத்தில் பலகையைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை. கார்த்திகையில் உப்புகிறது, சித்திரையில் ஒடுங்குகிறது, யாருக்கும் தெரிவதில்லை. அதே பலகையைச் சுற்றி நாலு பக்கமும் சட்டம் அடித்துப் பசை போட்டு இறுக்கியிருந்தால் ஒரே கோடையில் வெடித்திருக்கும்.

இது எனக்கும் பட்டுத்தான் தெரிந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் சொந்தக்காரர் ஒருவருக்கு ஒரு மேஜை செய்தேன். மரம் ஊர்ப் பழைய வீடு ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த பர்மா தேக்கு உத்தரம். எண்பது, தொண்ணூறு வருடம் கூரைக்கடியில் காய்ந்தது, இனி இது எங்கே அசையப்போகிறது என்ற தைரியத்தில் சுற்றிலும் சட்டம் வைத்துப் பெவிகாலை வார்த்து இறுக்கினேன். மதுரையில் ஏசி அறையில் இருந்த மேஜை, நாலாவது மாதம் நடுராத்திரியில் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். பழைய மரத்துக்கு உள்முறுக்கு போயிருக்கும், கோணாது, அது உண்மை. ஆனால் ஈரத்துக்கு அசைவது மட்டும் புது மரத்தைப் போலத்தான்.

சரி, நல்ல வேலை என்றால் எப்படி இருக்கும்?

முதலில் மரம். கடையில் நிலம்பூர், பல்லார்ஷா, பர்மா, கானா, கோஸ்டாரிகா என்று ஊர்ப் பெயர்களை அடுக்குவார்கள். கேரளத்து நிலம்பூருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. உலகின் முதல் தேக்குத் தோட்டம் 1840களில் அங்கேதான் போடப்பட்டது. மலபார் கலெக்டர் கனோலி திட்டமிட, வன அதிகாரி சாத்து மேனன் முன்னின்று நட்டார். பர்மாவிலிருந்து அறுக்காத உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை அந்நாட்டு அரசு 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. ஆகவே இன்று யாராவது “புது பர்மா மரம், உருட்டாகவே வந்திருக்கிறது” என்றால் ஒரு தரம் யோசியுங்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் தேக்கில் பெரும்பகுதி ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காத் தோட்டங்களில் விளைந்தது. அதில் நல்லதும் உண்டு, மோசமும் உண்டு. ஊரை விடுங்கள், வயதைப் பாருங்கள். இருபது வயது ஆகும் முன்பே வெட்டிய மரத்தில் வைரம் கொஞ்சம், வெள்ளை நிறைய.

வைரம் என்பது மரத்தின் உள்ளே பழுப்பேறிய பகுதி. வெள்ளை, அதைச் சுற்றி வெளிர் மஞ்சளாக இருப்பது. தேக்கின் எண்ணெய், கரையான் எதிர்ப்பு எல்லாம் வைரத்துக்கு மட்டும்தான். வெள்ளையில் மாவுச்சத்து இருக்கும், வண்டு தேடி வரும். அலமாரிக்கடியில் கோலமாவு கொட்டியது போல் சன்னத் தூள் விழுகிறது என்பார்களே, அது பெரும்பாலும் வெள்ளைப் பகுதியைத் தின்னும் வண்டின் வேலை. தேக்கில் செய்தேன், உளுத்துப்போய்விட்டது என்று வந்து நிற்பவர்களின் சாமானைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். மேலே மட்டும் ஸ்டெய்ன் அடித்துப் பழுப்பாக்கியிருப்பார்கள்.

தேக்குதான் வேண்டுமென்ற பிடிவாதமும் வேண்டாம். வேங்கை அருமையான மரம், ஈரம் பட்டால் சாயம் கசியும், அது ஒன்றுதான் தொல்லை. வேம்பில் கட்டில் செய்யலாம், வாகையில் மேஜை செய்யலாம். பலாவைக் கேரளத்தவர்கள் கட்டிலுக்கும் கதவுக்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். தஞ்சாவூரில் வீணையே அதில்தான் குடைகிறார்கள். பக்குவமாகக் காய்ந்த வேம்பு, அரைப்பச்சைத் தேக்கைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மரத்தைக் காயவைப்பதுதான் அடுத்தது. சாமில்லில் அறுத்த பலகையை இடையிடையே குச்சி வைத்து, காற்று ஓடும்படி நிழலில் அடுக்க வேண்டும். ஓர் அங்குலப் பருமனுக்கு ஒரு வருடம் என்பது பெரியவர்கள் வைத்த கணக்கு. இப்போது சூளையில் வாரக்கணக்கில் முடித்துவிடுகிறார்கள், முறையாகச் செய்தால் அதுவும் நன்றுதான். முறையாகச் செய்தார்களா என்று எப்படித் தெரியும்? ஈரமானி என்று கைக்கு அடக்கமான கருவி கிடைக்கிறது. இரண்டு ஊசியைப் பலகையில் குத்தினால் சதவீதம் காட்டும். பெரிய விலையும் இல்லை. மேஜை செய்யச் சொல்லப்போகிறவர் ஒன்று வாங்கிக்கொண்டு மரவாடிக்குப் போகலாம். ஏசி வீட்டுக்கு 10, 11 சதவீதம் கேளுங்கள். 16 காட்டினால் அந்த மரத்தை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பட்டறையில் அடுக்கி வைத்து ஆறப்போடச் சொல்லுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். “கிரகப்பிரவேசத்துக்குள் வேண்டும்” என்று கழுத்தில் கத்தி வைப்பவர்களால் கெட்ட மேஜைகள் எத்தனையோ.

மரக் கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 6 அடிக்கு 3 அடியில், இழைத்து முடித்தபின் ஒன்றேகால் அங்குலப் பருமனில் மேல்பலகை என்றால் அதற்கு மட்டும் 2 கன அடிக்குச் சற்றுக் குறைவு. 3 அங்குலச் சதுரக் கால் நாலு, சட்டங்கள் எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு கன அடி. ஆக மேஜையில் இருப்பது ஏறத்தாழ 3 கன அடி மரம். அறுப்பு, இழைப்பு, வெள்ளை நீக்கியது என்று கழிவு போக 4, நாலரை கன அடி வாங்க வேண்டியிருக்கும். 8 கன அடிக்கு யாராவது பில் போட்டால், மிச்சம் எங்கே போனது என்று கேட்கலாம். அதேபோல 3 கன அடிதான் ஆனது என்று யாராவது சொன்னால், வெள்ளையைக் கழிக்கவில்லை என்று அர்த்தம்.

மேல்பலகை ஒரே மரமாக இருந்தால்தான் உசத்தி என்று நினைக்க வேண்டாம். இன்றைய தோட்ட மரத்தில் 3 அடி அகலம் ஒரே பலகையாகக் கிடைக்காது. கிடைத்தாலும் நடுவே மரத்தின் நட்டநடு மையம் ஓடும், பிளக்காமல் இருக்காது. நாலைந்து அங்குல அகலப் பலகைகளை ஓரம் இழைத்து, பசை வைத்து, கிளாம்ப் போட்டுச் சேர்ப்பதே சரியான வழி. ரேகையோடு ரேகை (மரத்தில் நெடுக ஓடும் வரி) சேரும் ஒட்டு ஒழுங்காக அமைந்தால் மரத்தைவிட உறுதியாக நிற்கும். உடைத்துப் பார்த்தால் ஒட்டுக்குப் பக்கத்தில் மரம் உடையும், ஒட்டு உடையாது. தேக்கில் ஒரு சங்கதி உண்டு. அதன் எண்ணெய் மேலே கசிந்து பசையைப் பிடிக்க விடாது. இழைத்த அன்றே, முடிந்தால் இழைத்த கையோடு ஒட்டிவிட வேண்டும். நேற்று இழைத்து வைத்ததை இன்று ஒட்டுகிற பட்டறையில் நான் வேலை கொடுக்க மாட்டேன்.

காலும் சட்டமும் சேரும் இடத்தில்தான் மேஜையின் ஆயுள். கழுந்தும் துளையும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, காலில் உளியால் எடுத்த துளைக்குள் இறக்குவது. கழுந்தின் பருமன் சட்டத்தின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு என்பது வழக்கு. கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், இரண்டு தட்டு தட்டினால் இறங்க வேண்டும். கையால் தள்ளியே போனால் லூஸ், சம்மட்டி வேண்டுமென்றால் கால் பிளக்கும். குறுக்கே ஒரு மூங்கில் ஆணி அடித்துவிட்டால், பசை என்றைக்காவது கைவிட்டாலும் கழுந்து வெளியே வராது. இதற்குப் பதிலாகச் சட்டத்தின் முனையில் நேராக ஸ்க்ரூ முடுக்குவது இன்றைய குறுக்குவழி. மரத்தின் முனைப் பக்கம் ஸ்க்ரூவைப் பிடிக்காது. கூடையில் ஆணி அடித்த கதைதான். இரண்டு வருடத்தில் நாற்காலி கிரீச்சிட ஆரம்பிக்கும்.

அலமாரிக் கதவில் பார்க்க வேண்டியது வேறு. சட்டத்தின் உள்ஓரத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, பலகையை அதற்குள் பசையில்லாமல் சும்மா உட்கார வைத்திருக்க வேண்டும். ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். பங்குனி, சித்திரையில் பழைய அலமாரிக் கதவைக் கூர்ந்து பாருங்கள். பலகை ஒடுங்கி, சட்டத்தின் ஓரமாகப் பாலிஷ் படாத வெளிர்க் கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். பார்ப்பவர்கள் அதைக் குறை என்று நினைப்பார்கள். அந்தக் கோடு தெரிகிறவரை கதவு பிளக்காது. விவரம் தெரிந்த ஆசாரி, பலகையைச் சட்டத்தில் இறக்கும் முன்பே ஓரங்களுக்குப் பாலிஷ் போட்டுவிடுவார். கோடும் தெரியாது.

மேல்பலகையைச் சட்டத்தோடு பிணைக்கவும் அதே நியாயம்தான். சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, அதில் நாக்கு நீட்டிய சின்ன மரக்கட்டைகளைச் செருகி, கட்டையை மட்டும் மேல்பலகையோடு ஸ்க்ரூ செய்வது ஒரு வழி. நாக்கு காடிக்குள் வழுக்கும், பலகை தன் இஷ்டத்துக்கு அசையும். அவ்வளவு வேலைக்கு ஆளில்லை என்றால், ஆங்கிளிலாவது வட்டத் துளைக்குப் பதில் அகலவாட்டில் நீண்ட துளை வேண்டும். பத்து நிமிட வேலை. உங்கள் மேஜையில் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு நிபந்தனை போடுங்கள்: “பாலிஷ் போடும் முன் நான் வந்து பார்ப்பேன்.” எந்த உத்தரவாதச் சீட்டையும்விட இது பெரியது. பாலிஷ் ஏறாமல் நிற்கும் மேஜையில் எதையும் மறைக்க முடியாது. வெள்ளை எவ்வளவு, கணு எங்கே, மரத்தூளும் பெவிகாலும் குழைத்து அடைத்த இடம் எது, எல்லாம் தெரியும். அடியில் படுத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். மேல்பலகையில் ஓடும் ரேகை அப்படியே முனையில் வளையமாக மடங்கி இறங்குகிறதா என்று பாருங்கள். மேலே ஒரு ரேகை, முனையில் சம்பந்தமில்லாத இன்னொரு ரேகை என்றால் உள்ளே பிளைவுட், மேலே தேக்குத் தோல். பிளைவுட் கெட்டதல்ல, அகலத்தில் அசையவே அசையாது. ஆனால் முழுமரத்தின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

பாலிஷ் போடாத தேக்கைப் பார்க்கும்போது ஒன்றில் ஏமாறாதீர்கள். புதிதாக இழைத்த தேக்கு பச்சையும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக, அழுக்காக இருக்கும். வெளிச்சம் பட்டுச் சில வாரத்தில் அதுவாகவே பொன்பழுப்புக்கு வந்துவிடும். இதைப் பொறுக்க முடியாமல் கறுஞ்சிவப்பு ஸ்டெய்ன் அடிக்கச் சொல்பவர்கள் தேக்குக்குக் கொடுத்த காசை வீணடிக்கிறார்கள்.

பாலிஷில் பாதி வேலை உப்புத்தாளில் முடிகிறது. 80, 120, 180, 220 என்று படிப்படியாக, எப்போதும் ரேகையோடு தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது. பாலிஷ் ஏறியதும் பூனை பிராண்டியது போல் எழுந்து நிற்கும். கடைசித் தாளுக்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் மரத்தின் ரோமம் நிமிரும், அதையும் தேய்த்து எடுத்துவிடலாம்.

அதன்மேல் என்ன போடுவது என்பதில் எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. தண்ணீரும் சூடும் படாத எதற்கும் அரக்கு பாலிஷ்தான். அலமாரி, சாய்வு நாற்காலி, ஊஞ்சல், பூஜை மாடம் எல்லாம் இதில் சேரும். பிரஞ்சு பாலிஷ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சரக்கு நம்முடையது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் புரசு, இலந்தை மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரப்பது. கிளையோடு இருப்பது கொம்பரக்கு, உருக்கி அவல் போலத் தட்டையாக்கியது அவலரக்கு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு வடிகட்டி, துணிக்குள் பஞ்சை வைத்து முடிந்து, அதனால் மெல்லிசாகப் பல தடவை ஏற்ற வேண்டும். கரைத்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்ததை நான் தொடுவதில்லை. பழைய கரைசல் ஒழுங்காகக் காயாமல் பிசுபிசுக்கும். அரக்கின் பெரிய குணம், பழுது பார்ப்பது சுலபம். கீறல் விழுந்த இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஓட்டினால் பழைய பூச்சே இளகிச் சேர்ந்துவிடும். இருபது வருடம் கழித்து இன்னொரு கை ஏற்றலாம், முழுக்கச் சுரண்ட வேண்டியதில்லை.

ஆனால் சாப்பாட்டு மேஜைக்கு அரக்கு ஆகாது. சூடான ரசச் சட்டியை இறக்கினால் வெள்ளை வட்டம் விழும். அங்கே இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ்தான் நிற்கும். கண்ணாடி மினுக்கு வேண்டாம், மேட் கேளுங்கள். மினுக்கில் விரல் ரேகை முதல் கீறல்வரை எல்லாம் தெரியும். அடித்த மறுநாள் தொடலாம், முழுக்க இறுக ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் மேஜைவிரிப்பைப் போட்டு மூடாதீர்கள். பியூவின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் வைத்து ஸ்ப்ரே அடிக்க விடாதீர்கள். மெலமைன் பாலிஷும் ஓடுகிறது, மலிவு. ஆனால் வாசனை போகச் சில வாரங்கள் எடுக்கும்.

எண்ணெய் பாலிஷ் பிடிக்கும் என்பவர்களுக்கு, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் நல்ல தேர்வு. தடவி, கால் மணி ஊறவிட்டு, மேலே நிற்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். இது கட்டுக்கதை அல்ல. தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

எதைப் போட்டாலும் மேல்பலகையின் அடிப்பக்கத்துக்கும் அதே அளவு ஏற்றச் சொல்லுங்கள். கண்ணில் படாத இடம் என்று விட்டுவிட்டால் அந்தப் பக்கம் மட்டும் ஈரத்தை வேகமாக வாங்கி, பலகை ஓடு மாதிரி வளையும். பியூ அடித்தால் மரம் மூச்சுத் திணறும் என்றொரு பேச்சு உண்டு. எந்தப் பாலிஷும் ஈரத்தை முழுக்கத் தடுப்பதில்லை, வேகத்தைத்தான் குறைக்கிறது.

பராமரிப்பு பற்றிக் கேட்டீர்கள். கொஞ்சம்தான் இருக்கிறது. காய்ந்த பருத்தித் துணி தினமும், பிழிந்த ஈரத்துணி எப்போதாவது, உடனே காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. சூட்டுக்குப் பிரிமனை. பாட்டி காலத்து வைக்கோல் பிரிமனைதான் இன்னும் சிறந்தது, ரப்பர் மேட் சில பாலிஷோடு ஒட்டிக் கறை விடும். ஏசியின் காற்று நேராக மேஜைமேல் விழாமல் இருக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தடவுவதை நிறுத்துங்கள். அது காயாத எண்ணெய். அன்றைக்கு மினுக்கும், பிறகு தூசியைப் பிடித்துக் கறுப்பாக அப்பும், நாளாக ஆகச் சிக்கு நாற்றம் வரும். கடையில் விற்கும் சிலிக்கான் ஸ்ப்ரேயும் வேண்டாம். பின்னால் மறுபாலிஷ் போட வந்தால், பூச்சு அங்கங்கே மீன் கண் மாதிரி விலகி நிற்கும். அதைச் சரி செய்ய நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளை வட்டம் விழுந்தால் பயப்பட வேண்டாம். ஈரம் பூச்சுக்குள்தான் நிற்கிறது, பாலிஷ்காரர் சரி செய்துவிடுவார். கறுப்புக் கறை என்றால் மரத்துக்கே இறங்கிவிட்டது. பெரும்பாலும் இரும்புப் பாத்திரமோ துருப்பிடித்த ஆணியோ ஈரத்தோடு சேர்ந்து செய்த வேலை. தேக்குச் சாமானில் பித்தளை ஸ்க்ரூ போடச் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை.

யாரும் கவனிக்காத இடம் காலின் அடி. தினமும் மாப் போட்டுத் துடைக்கும் தண்ணீரைக் காலின் முனை உறிஞ்சி உறிஞ்சி, கீழே அரை அடி கறுத்துப் பூச்சு உரியும். செய்யும்போதே மேஜையைத் தலைகீழாக நிறுத்தி, நாலு பாதத்திலும் பியூவை மூன்று நாலு தடவை குடிக்க விட்டு, நைலான் குமிழ் அடித்துவிட்டால் தீர்ந்தது.

மழைக்காலத்தில் டிராயர் இறுகிக்கொண்டால் ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். ஐப்பசியில் இழைத்த டிராயர் பங்குனியில் லொடலொடக்கும். ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஒப்பேற்றுங்கள். பிரம்பு பின்னிய நாற்காலி தொய்ந்திருந்தால் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தை நன்றாக நனைத்து நிழலில் காயவிடுங்கள், காயும்போது தானாக இழுத்துக்கொள்ளும்.

கடைசியாக, உங்கள் மேஜை. தூக்கிப் போட வேண்டாம், மரம் நல்ல மரம். விரிசலில் புட்டி மட்டும் அடைக்காதீர்கள். கோடையில் வாய் திறந்திருக்கும்போது அடைத்தால் மழையில் மரம் உப்பி அதைப் பிதுக்கித் தள்ளும், இல்லையென்றால் பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். முதலில் 14 ஆங்கிளையும் கழற்றி, மேல்பலகையைத் தரையில் துணி விரித்துக் கவிழ்த்து, ஏசி அறையிலேயே இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். கட்டு விட்டதும் விரிசல் பாதியாவது தானாக மூடுகிறதா என்று பாருங்கள். மூடினால் மெல்லிய பசையை உள்ளே இறக்கிக் கிளாம்ப் போட்டால் போதும். மூடவில்லை என்றால், விரிசல் வழியாகவே பலகையை நெடுக்க அறுத்து, இரண்டு ஓரத்தையும் இழைத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். அகலத்தில் அரை அங்குலம் போகும், கண்ணுக்குத் தெரியாது. திரும்ப மாட்டும்போது ஆங்கிளின் துளைகளை அரத்தால் அகலவாட்டில் மூன்று நூல் நீளத்துக்கு ராவி, வாஷர் போட்டு, ஸ்க்ரூவை முடுக்கி அரைச் சுற்று தளர்த்திவிடச் சொல்லுங்கள். குறுக்குச் சட்டங்களின் நடுவே உள்ள ஆங்கிளை மட்டும் இறுக்கமாக விடலாம், பலகை அங்கிருந்து இரண்டு பக்கமும் சமமாகப் போய் வரும். ஒரு ஆசாரிக்கு இரண்டு நாள் வேலை, அதன்மேல் பாலிஷ் கூலி.